அட்டையின் கை எட்டும் தூரம்

1

என் மனைவி பேச முயன்றும் குரல் வராமல் போன ஒரு காலையில் இந்தக் கதை பிறந்தது.

(சரியில்லை. அவள் குரல்வளையை மருத்துவர்கள் எடுத்துப் பல வருடங்களாகின்றன. வராமல் போனது கணினியின் குரல்.)

மறுபடி தொடங்குகிறேன். அறுவைக்கு முன் அவள் தன் குரலைப் பதிந்துவைத்தாள். அது கணினிக்குள் செருகும் ஒரு பழைய ஒலி அட்டைக்குள் (சவுண்ட் கார்டு) இருக்கிறது. அவள் தட்டச்சு செய்தால் அட்டை அவள் குரலில் பேசும். பழைய கணினி எரிந்துபோனதால், தாராளமான நினைவகத்தோடு புதியதை வாங்கி, அட்டையை அதில் செருகினேன். "என்னங்க" என்று தட்டினாள். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

2

அவள் தம்பி டிரைவர் எழுதுகிறவன். (கருவிக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு அந்தப் பெயர்.) யாரும் திருத்தக்கூடிய திறந்த மூல இயங்குதளம் ஒன்றுக்காக, சம்பளமில்லாமல்.

"மாமா, அட்டைக்குக் கை குட்டை. கீழ்த்தட்டு வரைக்கும்தான் எட்டும். நீங்க நினைவகத்தைப் பெரிய அலமாரியா வாங்கிட்டீங்க. வார்த்தையெல்லாம் மேல்தட்டுல போய் உக்காந்திருக்கு."

"எட்டலைன்னு சொல்லாதா?"

"டிரைவர்தான் சொல்லணும். எழுதினவர் எல்லாமே எட்டும்னு எழுதி வச்சிட்டார். பழைய கணினியில மேல்தட்டே கிடையாது. அதான் பொய் வெளிய வரல."

மேல்தட்டைக் கணினியின் கண்ணிலிருந்து மறைத்தான். இரைச்சல் நின்றது. அவள் தட்டினாள், அவள் குரலே கேட்டது.

"எனக்கு மட்டும் சரி பண்ணியிருக்கியா?"

"ஆமாக்கா. இது குறுக்கு வழி."

"இதே அட்டைய வச்சிருக்கிற மத்தவங்க என்னடா பண்ணுவாங்க?"

(இவ்வளவு நல்லவளா என்று சந்தேகிப்பீர்கள். நானும் அந்த வரியை இருமுறை அடித்தேன். ஆனால் அடுத்து, "மூஞ்சியப் பாரு, சோம்பேறி" என்றும் சொன்னாள். அதனால் விட்டுவைத்தேன்.)

3

சோம்பேறி உட்கார்ந்து டிரைவரையே திருத்தினான். இனி அது அட்டையின் எல்லையை உள்ளபடி சொல்லும். கணினி ஒவ்வொரு வார்த்தையையும் கீழ்த்தட்டுக்குப் பிரதியெடுத்து, அட்டையின் கையில் கொடுக்கும். வேகம் சற்றுக் குறையும். எட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் குனிவதில்

[பிரசங்கமாகிறது. நிறுத்திவிட்டேன்.]

திருத்தத்தை அனுப்பிவைத்தான். இயங்குதளத்தில் அந்த டிரைவர்களைப் பராமரிக்கும் பெண்மணி, எங்கோ தொலைவில் இருப்பவர், பதில் எழுதினார்: "நல்ல திருத்தம். ஆனால் இந்த அட்டையை யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள்? அடுத்த வெளியீட்டில் டிரைவரையே நீக்க இருந்தேன். உங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவராவது சோதித்து எழுதட்டும். வைத்துக்கொள்கிறேன்."

நியாயம்தான். நீக்கிவிட்டால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவள் குரலைத் தம்பி தனியாக ஒட்டித்தர வேண்டும். அவனால் முடிகிறவரை.

4

இன்னும் யாரும் சோதித்து எழுதவில்லை. கதைக்கு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சோதித்த யாரோ ஒருவரிடமிருந்து பதில் வந்துவிடுகிறது. என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தவள், போய்த் தட்டினாள்: "வராததை வந்ததா எழுதாதீங்க."

இன்னொன்றில், பதில் வராமலே

எழுதக் கை வரவில்லை.

5

தினமும் அவள் பிரார்த்தனையைத் தட்டச்சு செய்கிறாள். அறை முழுக்கக் கேட்கிறது. பிள்ளைகள், தம்பி, நான் எல்லோரும் முடிந்தபின், "அந்த ஒருத்தர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்கிறாள்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். பரணில், பழைய மின்கம்பிகளுக்கு அடியில், அப்படியொரு அட்டை கிடக்கிறதா? எடுத்துத் தூசி தட்டிச் செருகிப் பாருங்கள். "வேலை செய்கிறது" என்று எழுதினால் போதும். ஆறாம் பகுதி உங்களுடையது.

6