தண்ணீர்க் குப்பி

பயந்தது போலவே ஆயிற்று. ஆய்வகத் திரையில் அண்ணனுடைய பைன் மரத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு கோடு. வேரழுகல் பூஞ்சையின் டி.என்.ஏ இருந்தால்தான் அந்த இடத்தில் கோடு விழும். சோதனையை ஓட்டியவள் அவன் தங்கையேதான்.

பூஞ்சை என்றால் ஏதோ ரொட்டியில் பூக்கிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது மண்ணுக்குள்ளேயே ஒரு மரத்தின் வேரிலிருந்து அடுத்த மரத்தின் வேருக்குத் தாவும். மேலே மரம் ஜம்மென்று நிற்கும், கீழே வேர் சொதசொதத்துக் கிடக்கும். உறுதியானால் அண்ணனின் மலைச்சரிவில் இருக்கிற மரங்கள் முழுவதையும் வெட்டி, அடிக்கட்டையையும் தோண்டியெடுக்கச் சொல்லி வனத்துறை உத்தரவு போட்டுவிடும். அண்ணனோ இருந்த வேலையை உதறிவிட்டு, ஊரே சிரிக்கச் சிரிக்க அந்தச் சரிவில் மரம் வைத்தவன். பெற்ற பிள்ளைகளைவிட மரங்களுக்குத்தான் செல்லம் அதிகம் என்று அண்ணி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

தங்கையின் கண் திரையின் கடைசிக் கட்டத்துக்கு ஓடியது. ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குப்பியில் மரச்சாறுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதிலும் கோடு விழுந்தால் எங்கேயோ கலப்படம், மொத்தமும் செல்லாது. இத்தனை வருஷமாக அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டுமே என்று வேண்டியவள், இன்றைக்கு மட்டும் அதில் ஒரு கோடு விழுந்திருக்கக் கூடாதா என்று தவித்தாள். பாழாய்ப்போன கட்டம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

விதிப்படி இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். குப்பிகளை அடுக்கினாள். அண்ணன் மரத்துச் சாறு உறிஞ்சுகுழலில் ஏறி நின்றது. பக்கத்திலேயே தண்ணீர்க் குப்பி, மூடி திறந்தபடி. ஒரே ஒரு துளி விட்டால் போதும். முடிவு செல்லாமல் போகும். இன்னும் சில நாளில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டால் புதிதாகச் சாறெடுக்க மலையேற முடியாது. அண்ணனுக்குக் கொஞ்ச காலம் கிடைக்கும். அதற்குள் பக்கத்துக் காட்டுக்காரர்களின் மரங்களுக்கும் பூஞ்சை போய்ச் சேரும். அதுவும் அவளுக்குத் தெரியும். சே, என்ன பிழைப்பு இது! குழல் தண்ணீர்க் குப்பியின் மேல் போய் நின்றது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா? இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"ஒண்ணுமில்லப்பா, நீ வேலையப் பாரு."

அவன் திரும்பிக்கொண்டான். இப்போது பார்க்க ஆளில்லை, இன்னும் வசதி. ஆனாலும் மனசு துணியவில்லை. குழலை இழுத்து, எந்தக் குப்பியில் விட வேண்டுமோ அதில் விட்டு மூடியை அழுத்தினாள்.

இரண்டாவது தடவையும் அதே கோடு. தண்ணீர் சுத்தம். சொல்லிவைத்த மாதிரி அண்ணன் போன்.

"என்னம்மா ஆச்சு? உங்க அண்ணி வேற காலையிலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்கா. இழுக்காம சொல்லிடு."

"இருக்குண்ணா."

"தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு."

"யாரு பாத்தது? நீயா?"

"நான்தான்."

"அப்ப சரி. வேற எவன் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். வெட்டறதுக்கு ஆள் சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டான். ஐயோ, ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா! பக்கத்து மேசைக்காரன் பதறி எழுந்து வர, அவள் நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள்.