பதினெட்டு முத்திரை விழுந்த பிரவீனா

பிள்ளையார்பாளையம் பிரவீனா, பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் போனது ஆடி மாதம் கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமை. சொம்போடு வரிசையில் நின்ற பிள்ளைகள், அகப்பை தானாக அண்டாவில் முங்கி எழுவதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பெரியவர்களுக்கு அவள் எப்போதும்போல் தெரிந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. பிள்ளைகளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் கொடுத்தார்கள். பத்து வயது மகள் சிம்ரன் மட்டும் மோரைத் தொடாமல், அம்மாவைத் தெருமுனைவரை தேடிவிட்டு வந்தாள்.

காரணம் பிரவீனாவுக்கு அன்றைக்கே தெரியும். இணையத்தில் காமிக்ஸ் நூலகம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தாள். வருகிற புத்தகத்தைப் புரட்டி, எல்லோரும் படிக்கலாம், பதிமூன்றுக்கு மேல், பதினெட்டுக்கு மேல் என்று முத்திரை வைக்க வேண்டும். வாளால் தலையைச் சீவினால் பதிமூன்று. மார்பு தெரிந்தால் பதினெட்டு. கம்பெனியின் நியாயம் அது, நாம் என்ன சொல்ல. முந்தின நாள் வந்த புத்தகத்தில், விடியற்காலைத் தெருவில் தறிக்கு ஏற்றும் பட்டு நூல் பாவு நீட்டிக் கட்டியிருக்க, அதன் ஓரம் உட்கார்ந்து ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பிரவீனாவும் அப்படி உட்கார்ந்து சிம்ரனுக்குக் கொடுத்தவள்தான். பாவுக்குக் கஞ்சி போடுகிற ஆண்கள் அப்போது நூலைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் தப்பில்லை என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. இருந்தும் வேலை போய்விடுமே என்று பயந்து பதினெட்டை அழுத்தினாள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே தண்டனை அம்புக்குத்தான் கிடைத்தது.

தன்மேல் விழுந்த முத்திரையை எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு முறையிட்டாள். வயதைக் கூட்டலாம், குறைக்க முடியாது என்பது விதி. மேலே யாரோ பரிசீலிக்க வேண்டும். தங்கள் முறையீடு கிடைத்தது என்று வருஷா வருஷம் பதில் வந்தது. ஏனாத்தூர் ரூட்டில் மினி பஸ் ஓட்டும் கணவன் சபாபதி, தாய்க்கும் மகளுக்கும் நடுவே தூது போய்க் களைத்தான்.

"உங்கம்மா உன் எதிர்லதாம்மா குந்திக்கினு இருக்குது."

"எங்க இருக்குதுப்பா? செவுருதான் தெரியுது."

சிம்ரன் வயதுக்கு வந்தாள். அத்தைமார் சுற்றி நின்று மஞ்சள் நீராட்டியபோது, ஒரு சொம்பு மட்டும் ஆளில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. அதன்பிறகு அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், மகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அநாதையாக இருப்பதைவிடக் கொடுமை கிடையாது.

சிம்ரனுக்குப் பதினெட்டு நிரம்பிய காலையில், சமையலறை வாசலில் அவள் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி எழுந்து நின்றது: உள்ளே இருப்பது மனதைச் சங்கடப்படுத்தலாம், பார்க்க விருப்பமா? பிரவீனா அடுப்பை அணைத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் மகளுக்கு உரிமை இருந்தது. சிம்ரன் அதைப் படிக்கவே இல்லை. யார்தான் படிக்கிறார்கள்? ஆம் என்பதைத் தொட்டாள்.

கிட்டே போய் அம்மாவின் முன்முடியை ஒதுக்கினாள்.

"இன்னாமா, தல இவ்ளோ நரச்சிப் போச்சி?"

பிரவீனா விம்மி விம்மி அழுதாள், எட்டு வருஷத்தில் முதல்முறையாக மகளுக்குக் கேட்கும்படி.

முத்திரையை இன்னும் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கைக்குழந்தையை அவள் தூக்கினால், அது தெருப்பிள்ளைகள் கண்ணுக்கு அந்தரத்தில் கிடந்து, யாரையும் பார்க்காமல் சிரிக்கிறது. அதைப் பெற்றவள் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.