தலைகீழ் முகங்கள்

கண்ணா பார்க்கிறது? கண் வெறும் வாசல். வந்தவர் யாரென்று சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும் மூளை. அது வாய் திறக்காவிட்டால், பழியை யார்மீது போடுவது?

மருந்துக்கடைக்காரியின்மீது போட்டார்கள். திமிர் பிடித்தவளாம்! முடியைக் கத்தரித்துக்கொண்டு கடைக்கு வந்த சொந்த அண்ணியிடமே, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"பின்னல் போனா நான் யாரோவா? இனி அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அறுத்துப் பேசினாள் அண்ணி.

அந்த உறவை இழக்க மனமின்றி, பார்வை ஆராயும் கூடத்துக்குப் போனாள் கடைக்காரி. அங்கே மூவர்.

"கண்ணுல குறையே இல்ல" என்றார் மூளை மருத்துவர்.

"என் கேமராவே முகத்தைக் கண்டுபிடிக்குது!" என்றார் கணினிப் பொறியாளர்.

"உங்க கேமராவுக்கு அண்ணி இருக்காங்களா?" என்றார் ஓவியர்.

ஒப்பிட்டுப் பார்க்க அண்ணியையும் அழைத்தார்கள். திரையில் ஒரு முகம் தோன்றி மறையும். அடுத்து வரும் முக வரிசையில் அதே முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். குடும்பப் படங்களும் கலந்திருந்தன. அண்ணி பளிச்சென்று காட்டினாள். கடைக்காரி தடுமாறினாள்.

"தப்பாச் சொல்றதுக்குப் படிக்கணுமா? வேணும்னே நடிக்கிறா!" என்றாள் அண்ணி.

நியாயமான கேள்வி.

ஓவியர் தயார்செய்த அடுத்த கட்டுப் படங்கள் தலைகீழாக வந்தன. அளவு பிசகாதிருக்கப் படத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது அவரது தொழில் பழக்கம்.

"ஐயையோ, நேராக்க மறந்துட்டேன்!" என்று பதறினார் ஓவியர்.

"நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்றார் மருத்துவர்.

இப்போது அண்ணி திணறினாள். "இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல" என்று ஒரு படத்தை ஒதுக்கினாள். கடைக்காரியோ முன்போலவே மெதுவாகப் போய், சரியான விடைகளில் அண்ணியை முந்திவிட்டாள்.

"எனக்கு எப்பவுமே இப்படித்தான் அண்ணி. மூக்கு தனி, வாய் தனி. நேரா இருந்தாலும் கவுந்தாலும் ஒண்ணுதான்."

மருத்துவர் அண்ணியிடம் திரும்பினார். "தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி நடிக்கலாம்மா. உங்களுக்கே தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி இவங்க எப்படி நடிப்பாங்க? நாம முகத்தை முழுசாப் பிடிக்கிறோம், கவுத்தா குழம்பிடுறோம்; இவங்க மூளை எப்பவும் துண்டு துண்டாத்தான் பிடிக்குது."

அண்ணி ஒதுக்கிய படத்தைப் பொறியாளர் நேராக்கினார். அண்ணியின் கணவர்!

"அடக் கடவுளே! அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று வாயைப் பொத்தினாள் அண்ணி.

திமிர் என்று தீர்ப்பெழுதும் நாக்குகளே, ஒருமுறையேனும் படத்தைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா? அண்ணி பார்த்தாள். மறுநாள் காலை மருந்துக்கடைப் படியேறினாள். கடைக்காரி வாய் திறக்குமுன் உரக்கச் சொன்னாள்:

"நான்தான்டி, உன் அண்ணி. தலைவலி மாத்திரை குடு."