ரப்பர் செடிக்கு ஊற்றிய கை

மேலாளர் மூன்று வாரப் பயிற்சிக்குக் கிளம்பும் முன், தற்காலிகத்தைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தற்காலிகம் என்பது பெயரல்ல. ஆறு வருடமாகத் தற்காலிக எழுத்தராகவே இருந்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம்.

"இந்தச் செடிய உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. வாரத்துக்கு ஒரு டம்ளர். நான் வரும்போது இப்படியே இருந்தா, உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்து."

ஜன்னலோரத் தொட்டியில் நின்றது அந்த ரப்பர் செடி. மெழுகு தேய்த்தது போன்ற தடித்த கரும்பச்சை இலைகள். ஊழியர்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியறியாத மேலாளர், தினமும் கைக்குட்டையால் அவற்றைத் துடைத்தபடி, "என்ன, வாட்டமா இருக்க?" என்று விசாரிப்பதைத் தற்காலிகம் தன் காதாலேயே கேட்டிருக்கிறான்.

திங்களன்று ஒரு டம்ளர் ஊற்றினான். வியாழனன்று ஓர் இலை மஞ்சளானது. வெள்ளியன்று அது தரையில் கிடந்தது. காம்பு இருந்த இடத்தில் பால் கசிந்து நின்றது. தாகமாயிருக்குமோ? இன்னொரு டம்ளர் ஊற்றினான்.

அடுத்த வாரம் மூன்று இலைகள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு அவை விழும் சத்தம் கேட்டது. தொப். ஒவ்வொரு தொப்புக்கும் தன் ஆறு வருடத்தில் ஒன்று கழன்று விழுவது போலிருந்தது. மேலும் ஊற்றினான்.

வீட்டில் சாப்பிடும்போதும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னங்க எண்ணுறீங்க? லீவா?" என்றாள் மனைவி.

"இலை. இன்னும் பதினொண்ணு."

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் வாரம், விழுந்ததில் பார்க்க நன்றாயிருந்த ஓர் இலையைப் பொறுக்கித் தண்டோடு சேர்த்து ஸ்டேப்ளரால் பின் அடித்தான். அடித்த இடத்திலிருந்து பால் வழிந்து விரலில் பிசுபிசுத்தது. கொலை செய்தவன் போல அரை மணி நேரம் கை கழுவினான்.

மேலாளர் வருவதற்கு முந்தின மாலை, அவன் பாட்டிலோடு கதவைத் திறந்தால், உள்ளே தட்டச்சு அக்கா. கையில் டம்ளர்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"நீ என்ன தம்பி பண்றே?"

பதில் வருவதற்குள் இரவுக் காவலாளி வாளியோடு நுழைந்தார். இருவரையும் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாளி மறையவில்லை.

"ஐயா என்னை மட்டுந்தான் நம்புறேன்னாரு," என்றார். "பகல் ஷிஃப்ட் தர்றேன்னாரு."

"எனக்கு வீட்டுப் பக்கத்துல மாத்தல்," என்றாள் அக்கா. "மூணு பேருக்கும் நல்லா தண்ணி காட்டிட்டுப் போயிருக்காரு."

"நாம அதை அப்படியே செடிக்குக் காட்டிட்டோம்," என்றார் காவலாளி.

சிரித்துக்கொண்டே அக்கா தண்டைத் தொட்டாள். செடி வேரோடு அவள் கையோடு வந்தது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. அழுகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. யாரும் சிரிக்கவில்லை. திரும்பச் செருகி, ஜன்னல் கம்பியோடு நூலால் கட்டிவிட்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் மேலாளர் வந்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

தொப்.

சற்று நேரம் கழித்து மணி அடித்தது. தற்காலிகத்துக்கு.

கதவைத் திறந்தான். மேலாளர் கையில் பின் அடித்த இலை. அவர் கத்தவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாயிருந்தது. அவன் தோளுக்கு மேல் எட்டி, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"கதவைச் சாத்து. இது என் செடி இல்லப்பா. தலைமை அலுவலகத்துப் பெரியவர் குடுத்து வச்சது. உன்னை நம்பித்தான் விடறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு. நாளைக்கு வர்றாரு."

"சார், என் ஆர்டர்..."

"அவர் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நானே தற்காலிகம்."

நூல் தளர்ந்து செடி மெல்லச் சாய்ந்தது. மேலாளர் பாய்ந்து அதை இரு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நிக்காத, ஓடு," என்றார், இலைகளுக்கு நடுவிலிருந்து. "ஸ்டோர்ல எத்தனை பெட்டி பின் இருக்குன்னு பாரு."