நூற்றுக்கு ஏழு

கண்ணாயி பிரசவம் பார்ப்பதில் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். நான் அவளுக்கு அடுத்த வீடு. நடுவில் இருப்பது ஒரு மூங்கில் தட்டி. அதில் ஓட்டை போட்டது நானில்லை, கறையான். மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டில் பெண் எடுப்பதானாலும் மாடு பிடிப்பதானாலும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் முறை. மாட்டிடமே போய் 'நீ முட்டுவாயா?' என்று யாரும் கேட்பதில்லை.

பட்டணத்திலிருந்து வந்த பரீட்சைக்காரருக்கு அது தெரியவில்லை. பாவம், ரொம்பப் படித்தவர்.

சண்டைக்காலம் அது. மண்ணெண்ணெய்க்குக்கூட வரிசையில் நின்ற வருஷம். சேந்தமங்கலத்தில் ஒரு தனவந்தர் புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி திறந்திருந்தார். மருத்துவச்சி வேலைக்கு ஒரே ஒரு பெண்ணை எடுத்து, ஒரு வருஷம் பழக்கி, தங்க அறையும் மாதச் சம்பளமும் கொடுப்பதாகச் சொன்னார்கள். அடிவாரத்திலிருந்து நாலாம் வகுப்பு படித்த ராசாமணி பேர் கொடுத்தாள். மலையிலிருந்து கண்ணாயி.

கண்ணாயிக்கு அந்த அறை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் எனக்குத்தான் தெரியும். பிள்ளை இல்லையென்று புருஷன் அனுப்பிவிட்ட பிறகு அண்ணன் ராசப்பன் வீட்டில் ஆறு வருஷம். படுக்கை மாட்டுக் கொட்டகையில். சோறு எல்லோருக்கும் கடைசியில். அண்ணி அத்தாயி, "மலடி கண்ணு முன்னால புள்ளைக்கு ஊட்டக் கூடாது" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டுதான் மகனுக்குச் சோறு ஊட்டுவாள். அந்த மகன் காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தபோது பதமாகத் திருப்பி வெளியே எடுத்தது இதே மலடியின் கைதான். தட்டி வழியாக நானே பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய பரீட்சைக்காரர் டோலியில் வந்து இறங்கி, சாவடியில் பாய் விரித்து, அச்சடித்த காகிதக் கட்டை எடுத்து வைத்தார். மனுஷர் குணத்தை அளக்கும் கருவியாம் அது. நெல்லை வள்ளத்தால் அளப்பதுபோலத் துணிவு, பொறுமை, தன்னம்பிக்கை எல்லாவற்றையும் அளந்துவிடலாமாம்.

டோலி தூக்கி வந்த கருப்பண்ணன் தோளைத் தேய்த்துக்கொண்டே, "ஏனுங்க சாமி, கோபுரமாக் குமிச்சு அளப்பீங்களா, தலை தட்டி அளப்பீங்களா?" என்று கேட்டான்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அளக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒருவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவரிடமே கேட்டால், முதல் இரண்டு தரமும் 'எனக்கென்ன தெரியும்' என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் 'அட, அப்படிச் சொல்லாதீங்க' என்று மறுபடி கேட்க வேண்டும். மூன்றாம் தரம்தான் உண்மை வரும். முதல் கேள்விக்கே 'ஆமாம், நான் கெட்டிக்காரி' என்பவளுக்குக் கண்ணேறு படும், இல்லாவிட்டால் மரியாதை கெடும். இந்தக் கருப்பண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் கட்டிய தேனை எடுக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. கேட்டுப் பாருங்கள்: "உசரத்தைப் பாத்தாலே எனக்குக் கால் நடுங்குதுங்க" என்பான். மூன்றாம் தரம் கேட்டதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பரீட்சைக்காரர் கேள்விகளை ஒரே குரலில் வாசித்தார், ஏறாமல் இறங்காமல்.

"நீர் செய்யும் வேலையில் நீர் திறமைசாலி என்று நினைக்கிறீரா?"

"எனக்கென்னங்க தெரியும்? ஏதோ கூட நிப்பேனுங்க."

கோடு ஒன்று போட்டார். கண்ணாயி அடுத்த தரத்துக்காகக் காத்திருந்தாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"ஆபத்து வரும்போது பதறிப்போவீரா?"

"பதறுவேனுங்க. பொம்பளைதானுங்களே."

"உம்மை நம்பிப் பொறுப்புள்ள காரியத்தை ஒப்படைக்கலாமா?"

"என்னை நம்பி ஒரு கோழியக்கூட உட மாட்டாங்க சாமி" என்று சொல்லிச் சிரித்தாள். 'அட, அப்படிச் சொல்லாதே' என்று அவர் சொல்ல வேண்டிய இடம். கோடுதான் போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க சாமி, இவ…" என்று வாயெடுத்தேன்.

"யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் விடை கெட்டுவிடும்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பேசாதே என்று சொல்லி, நானும் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். கேட்டிருக்க வேண்டாம்.

அறுபது கேள்வி. நடுவில் ஒன்று, "பலர் கூடியிருக்கும்போதும் நீர் தனியாக இருப்பதாகத் தோன்றுவதுண்டா?" என்றிருந்தது. கண்ணாயி, "உண்டுங்க" என்றாள். அது மட்டும் வழக்கத்துக்குச் சொன்னதல்ல. அதற்கும் அதே கோடுதான்.

வெளியே வந்ததும், "ஏனக்கா, மறுபடி எப்போ கேப்பாங்களாம்?" என்றாள்.

"நாளைக்குக் கேப்பாங்க. படிச்சவங்க அப்படித்தான், ஆற அமரக் கேப்பாங்க" என்றேன், ஏதோ நானே பரீட்சை நடத்துகிறவள் மாதிரி. மறுநாள் காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டுச் சாவடிக்குப் போனாள். டோலி ஏற்கெனவே பாதி மலை இறங்கியிருந்தது.

இருபது நாள் கழித்துக் கடுதாசி வந்தது. வாத்தியார் குழந்தைசாமி ராசப்பன் வாசலில் நின்று படித்தார். தன்னம்பிக்கை நூற்றுக்கு ஏழு. துணிவு பதினொன்று. பொறுப்பேற்கும் குணம் ஒன்பது. பிறர் உயிரைக் காக்கும் பணிக்கு இப்பெண் ஏற்றவர் அல்ல. ராசாமணிக்கு எல்லாம் எண்பதுக்கு மேலே, இடமும் அவளுக்கே. கோழி அறுக்கிறபோது கண்ணைப் பொத்திக்கொள்கிற பெண் அது. முதல் தரமே தன்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டாளாம்.

"ஏழா?" என்றாள் அத்தாயி. "எங்கூட்டு ஆட்டுக்குட்டிகூடப் பத்து வாங்கியிருக்கும்."

கண்ணாயி சாணி அள்ளப் போய்விட்டாள்.

அந்த ஏழு மார்க்கை ஊருக்கெல்லாம் யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அநியாயத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். 'பாருங்கடி, நம்ம கண்ணாயிக்கு ஏழு போட்டுட்டானே' என்றுதான் ஆரம்பித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போவதற்குள் அநியாயம் உதிர்ந்துபோய் ஏழு மட்டும் போய்ச் சேர்ந்தது. பொன்னம்மாளின் தலைப் பிரசவத்துக்கு அரியூர் நாட்டிலிருந்து வேறொருத்தியைக் கூட்டி வந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அச்சுக் காயிதத்துலயே எழுதியிருக்குதாமே அக்கா, உசுரு காக்க ஆகாதவன்னு" என்றாள் பொன்னம்மாள். அவள் அக்காளின் பிள்ளை பிறந்ததே கண்ணாயி கையில்தான்.

அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் பிரசவ வீட்டிலிருந்து ஒரு முறம் சாமையாவது வரும், அதற்காக அண்ணி ஒரு நாளாவது நல்ல வார்த்தை பேசுவாள். அதுவும் நின்றது.

மாசியில், மறுபடி பிள்ளை உண்டாகியிருந்த அத்தாயிக்கு வலி கண்டது, குறித்த நாளுக்கு முன்னாலேயே, பட்டப்பகலில். அரியூர் நாட்டுக்காரி வர இருட்டிவிடும். ராசப்பன் கொட்டகைக்கு வந்தான். நான் தட்டியருகில் இருந்தேன்.

"கண்ணாயி, வந்து பாரு."

"எனக்கென்னண்ணா தெரியும்?"

"அட, அப்படிச் சொல்லாத. வா கண்ணு."

"நான் கை வெச்சா கெட்டுப்போயிரும்ண்ணா."

உள்ளேயிருந்து அத்தாயி கத்தினாள், மலடி என்றல்ல, பேர் சொல்லி. ராசப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "முறைப்படி மூணாந்தரம் கேக்கறேன், தாயி. வா."

கண்ணாயி எழுந்தாள். சரி, கிளம்பிவிட்டாள் என்று நான் வெந்நீர் வைக்க அடுப்பைப் பார்த்தேன்.

"என்னால ஆகாதுண்ணா" என்றாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

கருப்பண்ணனும் இன்னும் மூன்று பேரும் டோலி கட்டி இறக்கினார்கள். பாதி வழியில், மரத்தடியில் பிறந்தது. அத்தாயி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

நல்ல பழி வாங்கினாள் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மனசு கேட்காமல் மறுநாள் நேரே போய்க் கேட்டேன். அவள் முறத்தில் ராகி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பழியா?" என்றாள். "மொத ரெண்டு தரம் வழக்கத்துக்குச் சொன்னேன் அக்கா. மூணாந்தரம் போகலாம்னுதான் எந்திரிச்சேன். கையைப் பாத்தேன். நடுங்குச்சு."

கையை நீட்டிக் காட்டினாள். அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.