பிர்ச் மரத்தின் வெள்ளை

மார்லிஸ் ஹௌகன் ஒரு மரத்தை வரைந்து முடித்தால் அதன் மேலிருந்த பனி அவளுடைய தாளுக்குள் வந்துவிடும். வடக்கு மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை பத்து நாள். முதல் நாள், ஹீட்டர் போட்ட காரில் உட்கார்ந்து எதிர்வீட்டு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரத்தை வரைந்தாள். முடித்ததும் அது ஜூலை மாதத்துப் பச்சையில் நின்றது; வரைந்த நோட்டின் எடை ஒன்பது பவுண்டு கூடியிருந்தது. விஷயம் எளிதுதான். பென்சிலால் பனியை வரைய முடியாது. கிளையையும் நிழலையும் கறுப்பாக்கிவிட்டு, தொடாமல் விடும் தாள்தான் பனி. இடம் விட்டிருந்தால் பனி வந்து உட்கார்ந்துகொள்ளும். நோட்டை அவள் கராஜில், மான்கறி வைக்கும் உறைபெட்டியில் வைத்தாள். தெருக்காரர்கள் வியக்கவில்லை, தங்கள் கார் மேல் கவிந்த கிளையைக் காட்டி, எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டார்கள்.

எட்டாம் நாள் ஈரப்பனி விழுந்து இறுகியது. பக்கத்து வீட்டு டுவேன் நைகார்டின் பிர்ச் மரம் வில்லாக வளைந்து, உச்சி தரையைத் தொட்டது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு டுவேனின் மனைவி லோர்னாவால் படுக்கையிலிருந்து பார்க்க முடிந்தது அந்த ஒரு மரத்தைத்தான். டுவேன் கூரைப்பனி இழுக்கும் நீளக் கோலை எடுத்துவந்து தட்டினான். உறைந்த கிளையைத் தட்டினால் கண்ணாடி போல முறியும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை மறப்பார்கள். ஒரு கிளை படாரென்று போனது. விடிவதற்குள் இன்னும் ஆறு அங்குலம் விழும் என்று வானொலி சொல்லியிருந்தது. அதை இந்த மரம் தாங்காது.

"இன்னொரு தடவ தட்டின, உன் மூக்குல இருக்கிற பனியையும் சேத்து வரைஞ்சிடுவேன். மூக்கு மிஞ்சுமான்னு தெரியாது," என்றாள் காரில் நோட்டோடு உட்கார்ந்திருந்த மார்லிஸ்.

"மரமே ஒடியப் போகுது, நீ உக்காந்து பென்சில் சீவுற!"

"மொனை மழுங்கினா உன் மரம் மொட்டையாயிடும்டா. பேசாம போய் காப்பி போடு."

அவள் மிரட்டவில்லை. பிர்ச்சின் பட்டையே வெள்ளை. அதைத் தாளில் வெள்ளையாக விட்டால் பட்டையும் பனியோடு கிளம்பி வந்துவிடும். பட்டை முழுதும் போன மரம் பிழைக்காது. உற்றுப் பார்த்தால் பனியின் நிழல் நீலம், பட்டையின் நிழல் லேசான மஞ்சள். மஞ்சள் தெரிந்த இடமெல்லாம் பென்சிலால் மெல்லிய சாம்பல் நிறம் தீற்றினாள். மூன்றரைக்கு வெளிச்சம் சரிந்தது, புதுப்பனி தூற ஆரம்பித்தது. அடிமரத்தில் உள்ளங்கை அகலம் நீலமா மஞ்சளா என்று புரியவில்லை. நீலம் என்று முடிவு செய்து, தாளை அங்கே வெள்ளையாக விட்டுவிட்டாள்.

முதலில் உச்சி எழுந்தது, பிறகு தோள், பிறகு மரம் முழுதும். ஜன்னலுக்குப் பின்னால் லோர்னா கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பின்னால் விழுந்த ஆறு அங்குலமும் நிமிர்ந்த மரத்தில் தங்காமல் வழுக்கி இறங்கியது. அடிமரத்தில் மட்டும் உள்ளங்கை அகலம் பழுப்பாக, பட்டையில்லாமல் இருந்தது.

ஏப்ரலில் மார்லிஸ் நோட்டை எடுத்துப் பாத்திரத் தொட்டியில் விரித்தாள். எல்லா மரங்களின் பனியும் உருகி ஓடியபின், ஈரம் படாத பட்டைத் துண்டு ஒன்று எஞ்சியது. டுவேன் அதைக் கொண்டுபோய் மரத்தில் வைத்து, காப்பி ஆறும்வரை கையால் அழுத்திப் பிடித்தான். ஒட்டிக்கொண்டது. தலைகீழாக வைத்துவிட்டான் என்பதை லோர்னாதான் முதலில் பார்த்தாள். அதற்குள் மரம் துளிர்த்துவிட்டதால் யாரும் திருப்பவில்லை.