நாலடிப் பாம்புக்கு எத்தனை அடிப் பெட்டி

“பாம்பு முழுசா நீட்டிப் படுக்கற மாதிரி கூண்டு இருக்கணும்ப்பா, அவ்வளவுதான்…”

“எந்தப் பாம்பும்மா நீட்டிப் படுக்குது? சுருண்டுதான்…”

“இடம் இல்லேன்னா சுருண்டுதான் கிடக்கும்!”

இருவருக்கும் நடுவில் நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் விடுரி வெளிநாட்டில், தைபேயில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவியை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள் அப்பா சுகெங், எங்கள் ஊர் மாலாங்கில் வீட்டுக் கூடத்தில், அவள் விட்டுப்போன மலைப்பாம்பின் முன்னால் அளவுநாடாவோடு குந்தியிருந்தார். பாம்பின் பெயர் லெம்பெர். இலையில் சுருட்டிய சோற்றுப் பலகாரத்தின் பெயர்; பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் வைத்தது.

இந்த வினையை இழுத்துவிட்டவர் இவர்தான். லெம்பெர் எலி விழுங்குவதைப் படம் எடுத்து, பாம்பு வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் பெருமையாகப் போட்டார். படத்தில் பாம்பு கிடந்தது துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில்; பக்கமெல்லாம் காற்றுக்காக இவர் போட்ட துளைகள். “இது பாம்பா, ஊறுகாயா?” என்று ஒருவன் ஆரம்பித்தான். பாதிப் பேர் அவன் பக்கம், மீதிப் பேர் இவர் பக்கம். விடுரியும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

“பெரிய கண்ணாடிக் கூண்டு வாங்கினீங்கல்ல? ஏன் மறுபடி பெட்டியில போட்டீங்க?”

“கூண்டுல விட்டதிலேர்ந்து பட்டினி. மூக்கைக் கண்ணாடியில தேய்ச்சுத் தேய்ச்சு ரத்தம். பெட்டியில போட்டேன், அன்னிக்கே தின்னுது.”

“ஒளியறதுக்கு மறைப்பு வைங்கன்னு சொன்னேனே! மொட்டையா விட்டா பயப்படாதா? குழுவுல அத்தனை பேர் சொல்றாங்க…”

“அந்த அத்தனை பேர்ல ஒருத்தன் வந்து எலி பிடிச்சுக் குடுப்பானா?”

நான் சிரித்துவிட்டேன். விடுரி சிரிக்கவில்லை.

“வேளைக்குத் தின்னுது, எடை ஏறியிருக்கு. மழையா வெயிலா? அதுக்கு என்ன குறைச்சல், சொல்லு!”

“இதையேதான்ப்பா இங்கயும்…” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இங்கயும் என்னடி?” என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா. இரு, பாட்டி மணி அடிக்கறாங்க.”

கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.

எப்போது பேசினாலும் திரை முழுக்க அவள் முகம்தான் இருக்கும். “உன் மூக்கைத் தவிர அந்த ஊர்ல வேற ஒண்ணும் இல்லையா?” என்று இவர் கேலி செய்வார். இன்று முகம் விலகியதும் இடம் தெரிந்தது. ஒரு பக்கம் துணி துவைக்கும் இயந்திரம். மறுபக்கம் கிழவிக்கான அணையாடைப் பொதிகள், கூரைவரை. நடுவில் ஒரு மெத்தை. நீளம் போதாமல் அதன் கால்மாடு மடங்கிச் சுவரில் ஏறியிருந்தது. கதவைத் திறந்தாள். அது மெத்தையில் இடித்து நின்றது. ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. லெம்பெர் பெட்டிக்குள் அசைந்தது.

திரும்பி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் மூக்கு, கண், நெற்றி.

“ம், சொல்லுங்க. பெட்டியை அளந்தீங்களா இல்லையா?”

இழுத்த நாடாவைக் கையில் பிடித்தபடியே அவர் கேட்டார்:

“விடுரி, நீ ராத்திரி எப்படிம்மா படுக்கறே?”